மலைப் பக்கம், அடுப்புப் பக்கம்

ஜீலாங்,
12 பிப்ரவரி 1984

அன்புத் தம்பி டூகலுக்கு,

இங்கே நானும் விக்கும் சௌக்கியம். பித்தப்பையை எடுத்த இடத்தில் விக்குக்கு இப்போது வலியே இல்லை. யார் வந்தாலும் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறார், எனக்குத்தான் மானம் போகிறது. அங்கே நீ, நோலீன், அம்மா எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்னடா இது, வக்கீல் நோட்டீஸ் மாதிரி அச்சில் வந்திருக்கிறதே என்று பார்க்கிறாயா? தட்டச்சு இயந்திரம் வாங்கிவிட்டேன். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

போன ஆகஸ்ட் குளிர்காலத்தில் விக்கின் ஆபரேஷனால் நம் பனிச்சறுக்கு வாரம் போய்விட்டது. நான் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டி வந்த பிறகு, அதற்கு முன் ஒரு வருடம்கூட அதை விட்டதில்லை. இந்த வருடமும் விட்டால் அப்புறம் விட்டதுதான், நம் இருவரையும் எனக்குத் தெரியும். அதனால் ஆகஸ்ட் 18 வாரம் கட்டாயம் வருகிறேன்.

ஆனால் கில்மாரி வேண்டாம், சில்வர்ஹார்ன் போகலாம். அங்கே நாற்காலி லிஃப்ட் போட்டிருக்கிறார்களாம். உட்கார்ந்தால் மேலே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அறையிலேயே வெந்நீர். சமைக்க ஆள் இருக்கிறது. ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு இதெல்லாம் ஆசை இருக்கக்கூடாதா? விவர அட்டையை உள்ளே வைத்திருக்கிறேன். கிழித்துப் போடாமல் படி.

அம்மாவுக்கு என் முத்தம். பதிலை உடனே போடு.

அன்புடன்,
எல்ஸ்பெத்

*

டார்ஃபீல்டு,
26 பிப்ரவரி 1984

அன்பு அக்காவுக்கு (இன்னும் அக்காதானா, இல்லை சில்வர்ஹார்ன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா?),

நாங்கள் எல்லோரும் சுகம். உன் கடிதம் வருகிறவரை இன்னும் சுகமாக இருந்தோம்.

சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படித்தேன். "வெந்நீர்" என்ற இடத்தில் நோலீன் சிரித்த சிரிப்பில் பட்டாணி மூக்கில் ஏறிவிட்டது. அம்மா விவர அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

அக்கா, கில்மாரி மன்றத்தின் கூட்டத்தில் "ஆளை மேலே இழுக்கும் கயிற்றை எடுத்துவிட்டு லிஃப்ட் போடலாம்" என்று இரண்டு தடவை தீர்மானம் வந்தது. இரண்டு தடவையும் அதைக் கவிழ்த்தவன் உன் தம்பி. "கயிறு பிடிக்கத் தெரியாதவனுக்கு மலை எதுக்கு?" என்று நான் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மலையேறுவதா? ஓடுகிற கயிற்றை ஒரு கையால் பிடித்து, இடுப்பு வாரில் தொங்கும் இரும்புக் கவ்வியை, நம் பாக்குவெட்டியை, மறு கையால் அதன்மேல் வீசி ஒரே கவ்வாகக் கவ்வவிடுவாயே, அந்த அழகைப் பார்க்கவே இளவட்டங்கள் வரிசை கட்டி நிற்பார்களே. அதை விட்டுவிட்டு வெந்நீராம்!

போன வாரம் மராமத்து நாளுக்குப் போயிருந்தேன். விடுதிச் சுவரில் பெயர்த் தகடுகளை எல்லாம் துடைத்து மாட்டினேன். சறுக்கப் போகிறவர்களின் மலைப் பக்கத்தில் இரண்டாவது ஆணி உன்னுடையது. பளபளவென்று காத்திருக்கிறது.

கையால் ஒரு கடிதம் போடு. இது வங்கி மேலாளர் எழுதிய மாதிரி இருக்கிறது.

உன் தம்பி,
டூகல்

*

ஜீலாங்,
10 மார்ச் 1984

தம்பி டூகலுக்கு,

நலம். வெயில்தான் தாங்கவில்லை. உங்கள் நலத்தை அடுத்த கடிதத்திலாவது ஒழுங்காக எழுது. அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டேன், பதிலே இல்லை.

கில்மாரியின் பெருமையை எனக்கு நீ சொல்லாதே. சாமானை முதுகில் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் ஏறி, கதவே மூடாத கழிப்பறையில் குந்தி, கியா கிளிகள் கொத்திப் பிய்த்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சறுக்கியவள் நான். என் இடது பூட்ஸின் நாக்கைத் தின்ற கிளியின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே ராஜ்ஜியம் செய்யும்.

அந்தப் பெயர்த் தகடுகளைப் பற்றி என்னிடம் பேசாதே. அம்மா ஒரே ஒரு நாள் கயிற்றை நழுவவிட்டாள். மறுநாள் காலை அவள் தகடு, உள்ளே சமைக்க நிற்பவர்களின் அடுப்புப் பக்கம் மாறியிருந்தது. யார் மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நமக்கெல்லாம் உருளைக்கிழங்கு உரிக்கிறாள். நான் அப்படி உட்கார வரமாட்டேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தோட்டத்தில் பிளம் இந்த வருடம் அமோகம்.

முடிவாகச் சொல்கிறேன். சில்வர்ஹார்ன் என்றால் வருகிறேன், கில்மாரி என்றால் இல்லை. பிடிவாதத்தில் நீ என் தம்பிதான், ஆனால் நான் உனக்கு அக்கா.

எல்ஸ்பெத்

பி.கு.: மச்சான், இது விக். தபால்தலை ஒட்டும் சாக்கில் எழுதுகிறேன். கிறிஸ்துமஸிலிருந்து இந்த வீட்டில் ஜாடி மூடி திறப்பது, துணி பிழிவது, ரொட்டி வெட்டுவது எல்லாம் நான்தான். ஏனென்று கேட்காதே, சொன்னால் எனக்குச் சோறு கிடையாது.

*

டார்ஃபீல்டு,
29 ஏப்ரல் 1984

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. நாய்க்குத்தான் காதில் உண்ணி.

நீ சொன்னபடியே செய்யலாம். சில்வர்ஹார்ன் நல்ல இடம்தான் என்கிறார்கள். ஆனால் இப்போதே அறை எடுத்துவிடாதே. ஜூன் வரை பொறு.

பட்டறையில் வேலை அதிகம். சனி ஞாயிறும் ஓய்வில்லை. முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது.

விக்கை ரொம்ப விரட்டாதே.

டூகல்

*

ஜீலாங்,
9 மே 1984

அன்பு நோலீனுக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும். டூகலுக்கு என்ன ஆயிற்று? ஏழு வாரம் மௌனம். பிறகு முட்டைக்கோஸைப் பற்றி நாலு வரி. நடுவில், "நீ சொன்னபடியே செய்யலாம்". என் தம்பி பிறந்ததிலிருந்து அந்த வாக்கியத்தை என்னிடம் சொன்னதில்லை. உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொல்லி என்னிடம் மறைக்கிறீர்களா? அல்லது நான் எழுதியதில் மனது உடைந்துவிட்டானா?

கில்மாரியை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, நோலீன். எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அவ்வளவுதான். அவன் என்னோடு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தூக்கம் வரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுது.

உன்
எல்ஸ்பெத்

*

டார்ஃபீல்டு,
21 மே 1984

அன்பு அண்ணிக்கு,

யாருக்கும் ஒன்றுமில்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். அத்தை குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். உங்கள் தம்பி கண்ணாடியில் பார்த்துக்கொண்டு விசிலடிக்கிறார். நான் இதை எழுதியது தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார். படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

விக் அண்ணன் எழுதிய பின்குறிப்பை இவர் மூன்று தடவை படித்தார். அப்புறம் உங்கள் தட்டச்சுக் கடிதங்கள் இரண்டையும் எடுத்து மேஜையில் பரப்பினார்.  பிறகு, "நோலீன், அவ கை போச்சு. கயிறு பிடிக்க முடியல. அதான் நாற்காலி நாற்காலின்னு அடிச்சுக்கறா. என்கிட்ட சொல்ல மாட்டா, கழுத," என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வெங்காயம் நறுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி மன்றத்துக் கூட்டம். சில்வர்ஹார்ன்காரர்கள் நாற்காலி வந்ததும் பழைய தட்டு லிஃப்டைக் கழற்றிப் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள் அல்லவா? காலுக்கு நடுவே தட்டை வைத்துக்கொண்டால் அதுவே இழுத்துக்கொண்டு போகுமே, கைக்கு வேலையே இல்லை, அதுதான். இவர் எழுந்து, "அந்தத் தட்ட நாம கொண்டுவந்து போடணும்," என்றார்.

 மன்றத் தலைவர் கீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டூகல், கயிறு பிடிக்கத் தெரியாதவனுக்கு மலை எதுக்குன்னு ஒருத்தன் கேட்டானே, அவன் எங்கப்பா?"

"அவன் செத்துட்டான். நல்ல சாவு. அடுத்த விஷயத்துக்கு வாங்க."

"இல்ல, எனக்கு அவன ரொம்பப் பிடிக்கும். பாவம், சின்ன வயசு."

அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மேஜையைத் தட்டிச் சிரித்தது. இவர் காது இரண்டும் தக்காளிப் பழம். ஆனாலும் உட்காரவில்லை. கடைசியில் எல்லோரும் கை தூக்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரக் கடைசியும் மலையில்தான் இருக்கிறார்கள். சீக்கிரமே பனி விழுந்துவிட்டது, இன்னும் இரண்டு கம்பம் நட வேண்டும். ஆகஸ்டுக்குள் ஓடுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. ஓடினால்தான் உங்களிடம் சொல்வதாக இருக்கிறார். ஓடாவிட்டால் வாயைத் திறக்காமல் சில்வர்ஹார்ன் வருவாராம்.

ஒன்றும் தெரியாத மாதிரி இருங்கள், அண்ணி. கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோலீன்

*

ஜீலாங்,
3 ஜூன் 1984

என் அன்புத் தம்பிக்கு,

உன் நலமும் வீட்டார் நலமும் கேட்டு எழுதுகிறேன். நாய்க்குக் காது சரியாயிற்றா?

சில்வர்ஹார்னில் அறை எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன், கில்மாரிக்கே வருகிறேன். ஏன் மனம் மாறினேன் என்று கேட்காதே, பெண்களுக்கு மனம் மாற உரிமை உண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மூன்றாம் நாள் பிளம் பறிக்க ஏணியில் ஏறி விழுந்தேன். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். டீ கோப்பையைப் பிடிக்கலாம், ஜாடியைத் திறக்க முடியாது. கயிற்றைப் பிடிக்கவே முடியாது. பேனாவும் நிற்கவில்லை, அதனால்தான் இயந்திரம்.

உன்னிடம் மறைத்தது தப்பு. சொன்னால் என் பெயர்த் தகடு அடுப்புப் பக்கம் போய்விடும் என்று பயந்தேன், டூகல். சின்னப் பிள்ளை மாதிரி பயந்தேன். இப்போது யோசித்தால், உங்களோடு ஒரு வாரம் இருப்பதற்கு அந்த ஜன்னல் ஒன்றும் பெரிய விலையில்லை. எங்கே வேண்டுமானாலும் மாட்டு. உருளைக்கிழங்கை இடது கையால் உரிக்கப் பழகுகிறேன். தோல் தடியாக வரும், குறை சொல்லக்கூடாது.

அம்மாவிடம் சொல், பக்கத்தில் எனக்கும் ஒரு முக்காலி போட்டு வைக்கச் சொல்.

உன் அக்கா,
எல்ஸ்பெத்

*

டார்ஃபீல்டு,
18 ஜூன் 1984

அக்கா,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். வீட்டுக்குள் படித்திருந்தால் நோலீன் கேலி செய்வாள்.

நீ ஒரு பெரிய முட்டாள். இது அன்போடு சொல்வது. வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன், நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் சுகம். என் வலது கட்டைவிரல் மட்டும் சுத்தியலுக்கும் ஒரு இரும்புக் கம்பத்துக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. என்ன கம்பம் என்று கேட்காதே. செப்டம்பர் வரை எதையும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்கிறார் டாக்டர். டாக்டருக்கு என்ன தெரியும்!

உன் எடை எவ்வளவு? சும்மாதான் கேட்கிறேன். பூட்ஸோடு சேர்த்துச் சொல்.

அம்மா ஒரு வாரமாகக் கொட்டகையின் பின்னறையிலேயே கிடக்கிறாள். என்னம்மா தேடுகிறாய் என்றால் எலி என்கிறாள். உன் செய்தியைச் சொன்னேன். "முக்காலியெல்லாம் போட முடியாதுன்னு எழுது," என்றாள். ஏனென்று சொல்லவில்லை.

பாக்குவெட்டியைக் கொண்டுவர வேண்டாம்.

டூகல்

*

கில்மாரி விடுதி,
19 ஆகஸ்ட் 1984

அன்பு விக்,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இது என் கையால் எழுதுவது. கோழி கிளறினதுதான், ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று மலையேறி வந்ததும் டூகல் என் கண்ணைப் பொத்திக்கொண்டு போய் நிறுத்தினான். சரிவில் நெடுகக் கம்பங்கள், ஒவ்வொரு தட்டாகத் தொங்கிக்கொண்டு! நான் "ஐயோ!" என்று கத்தி ஆச்சரியப்பட்டேன். நடிப்பு என்று தொடங்கினேன், பாதியில் நிஜமாகவே அழுதுவிட்டேன். நோலீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருமினாள்.

காலையில் மணியடித்ததும் எல்லோரும் சுவர் முன்னால் கூடினோம். என் தகடு மலைப் பக்கத்தில், அதே இரண்டாவது ஆணியில். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்!

முதல் சவாரி டூகலுக்குத்தான் என்று கீத் அறிவித்தார். கையில் கட்டு இருப்பதால் அவனுக்கும் கயிறு கிடையாது, தட்டுதான் கதி. போய் நின்றான். கயிற்றுக்காரர்கள் எல்லோரும் பண்ணும் தப்பையே பண்ணினான். பின்னால் சாய்ந்து சொகுசாக உட்கார்ந்தான்! தட்டு நழுவ, ஆள் மல்லாந்தான். மூன்று தடவை. மூன்றாவது தடவை ஒரு கியா கிளி வந்து அவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது.

சிரித்து ஓய்ந்து, சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று உள்ளே திரும்பினோம். சுவர் முன்னால் அம்மா நின்றிருந்தாள். ஏப்ரனைக் கழற்றியிருந்தாள். காலில் பழைய பூட்ஸ். தோளில் அவளுடைய சறுக்குப் பலகைகள், மெழுகு பூசிப் பளபளக்க. கொட்டகையில் எலி தேடினாளே, அது இதுதான். இருபத்திரண்டு வருடமும் ஒவ்வொரு குளிர்காலமும் மெழுகு பூசி வைத்திருந்திருக்கிறாள், விக். எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுப்புப் பக்கத்து முதல் ஆணியிலிருந்து தன் தகட்டை எடுத்தாள். மலைப் பக்கத்தில் மாட்டினாள். கீத் பதறிப் போனார்.

"அம்மா, உங்களுக்கு எழுபத்தாறு வயசு..."

"எழுபத்தாறுன்னு எனக்கும் தெரியும் கீத். அன்னைக்கு என் தகட்ட அந்தப் பக்கம் மாட்டினப்ப எனக்கு அம்பத்தி நாலு. கயித்துலதான் பிடி விட்டுச்சு, கால் நல்லாத்தான் இருந்துச்சு. மேல போறியா, உள்ள இருக்கியான்னு ஒருத்தராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

 கீத் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டூகலின் தகட்டை எடுத்து அடுப்புப் பக்கம், தன் பழைய ஆணியில் மாட்டினாள். "நாப்பது பேருக்குக் கிழங்கு உரிக்கணும். கத்தி இழுப்பறையில இருக்கு. தோல் மெல்லிசா வரணும்டா."

தட்டில் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. அடுத்த தட்டில் நான். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மேலே போனேன். மேலே தட்டை விட்டதும் அம்மா கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இங்கேயிருந்து பாத்தா அந்த ஜன்னல் எவ்வளவு சின்னதா இருக்கு!" என்றாள்.

"நானும் உன்னைக் கேக்கலியேம்மா," என்றேன். 

"நீ என்னை மாதிரி ஆயிடுவோமோன்னு பயந்துக்கிட்டு இருந்த. பயந்தவ எங்க கேப்பா? வா, காத்து ஏறுறதுக்குள்ள இறங்கலாம்."

இறங்கினோம். இரண்டாவது வளைவில் அவள் என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலில் டூகல் கத்தியும் கிழங்குமாக நின்று கையாட்டினான். கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். பூனைக்குச் சோறு வையுங்கள்.

உங்கள்
எல்ஸ்பெத்

*

டார்ஃபீல்டு,
9 செப்டம்பர் 1984

செல்ல மகள் எல்ஸ்பெத்துக்கு அம்மா எழுதுவது,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினாயே, அதுவும் நன்றாகவே இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. உன் மணிக்கட்டுக்குத் தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையை அன்பாகக் கேட்டதாகச் சொல். டூகலின் விரல் ஆறிவிட்டது. கிழங்கு உரிப்பதில் கை தேறிவிட்டான், வீட்டிலும் அவனையே விட்டுவிட்டேன்.

நீங்கள் இருவரும் எழுதிய கடிதங்களை, ஆகஸ்டில் நீ கொண்டுவந்து கொடுத்தவையும் சேர்த்து, டூகல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். நேற்று முழுவதையும் படித்தேன். அந்த மலையா இந்த மலையா என்று எத்தனை மாதச் சண்டை! இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். ஆனால் "அம்மாவுக்கு எது பிடிக்கும்?" என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பரவாயில்லை.

எனக்குச் சில்வர்ஹார்ன் பிடித்திருக்கிறது. பிப்ரவரியில் நீ அனுப்பிய அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். தட்டு பாதி மலை வரைதான் போகிறது. நாற்காலி உச்சிக்கே போகுமாமே. அதனால் நேற்று நானே போன் செய்து அடுத்த ஆகஸ்டுக்கு நம் எல்லோருக்கும் இடம் பிடித்துவிட்டேன். டூகல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். வருவான்.

போனில் பேசிய பெண் நல்ல மரியாதை தெரிந்தவள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள். வயதைச் சொன்னதும் இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம், "நீங்க சறுக்குறவங்களாம்மா, இல்ல கூட வர்றவங்களா?" என்று கேட்டாள்.

 போனைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன், எல்ஸ்பெத். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அந்தப் பெண் "ஹலோ, ஹலோ" என்றாள்.

"சறுக்குறவ," என்றேன்.

முத்தங்களுடன்,
அம்மா